சீதனக் காருக்குப் பட்டி பூட்டிய கதை

பனியைக் கண்ணால் காணாதவன் பனியில் ஓடும் வாகனம் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். நான் கண்ட மிகப் பெரிய பனி, எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் இரண்டு விரல்கனத்துக்குப் படிந்து கிடந்ததுதான். அதைச் சுரண்டச் சொல்லி மனைவி ஒருநாள் கேட்க, நான் திருப்புளியால் குத்தி, பெட்டியையே ஓட்டையாக்கிப் புதுப்பெட்டி வாங்க வைத்தேன். பனியோடு எனக்கிருந்த முன் அனுபவம் அவ்வளவே.

ஆனால் வாகனம் எனக்குத் தெரியும். அரசாங்க வேலைத்தளம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மனாக இருந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது, இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று ஒரு பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். அது இன்னும் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் மறந்துவிட்டது, மனைவிக்கும் மறந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டையில், ஆற்றைப் பார்த்து இறங்கும் சரிவில் ஒரு வீடு. வீட்டைவிட எனக்குப் பெருமை, அதன் பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் கார். என்னைவிட வயது கூடிய குட்டி ஆங்கிலக் கார். முதுகு வளைந்திருப்பதால் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அதை ஆமை என்பார்கள். ஏற்றத்தில் அதன் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயருக்கு வேறு காரணமும் சொல்வார்கள்.

மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது ஒரே வசனம்: "சீதனம் ரெடி. கொட்டிலுக்குள்ள நிக்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்தைந்து வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த முப்பத்தைந்து வருடத்தில் மகள் படித்து, பல்லேகலயில் றப்பர்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையொன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுடைய வேலை எனக்குப் பிடித்த வேலை. றப்பர்த் துண்டுகளை இழுப்பாள், மடக்குவாள், சுடுவாள், குளிரவைப்பாள். எந்த இடத்தில் அறுகிறதென்று பார்த்து எழுதுவாள். "எங்கட வீட்டில நான் உடைச்சா ஏச்சு, இவள் உடைச்சாச் சம்பளம்" என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கல்யாணப் பேச்சுகள் வந்தன. செவ்வாய்க் குற்றம் என்று சில போயின, தகப்பன் வாய்க்குற்றம் என்று சில போயின. இரண்டாவதை மனைவிதான் சொல்வாள். அது பொய்யில்லை. ஒரு மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி நான் சொன்ன ஒரு சின்னச் சொல்லுக்காக, வந்தவர்கள் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள்.

நோர்வே மாப்பிள்ளை வந்தது கடைசியாக. வந்தது என்றால், அவருடைய தாயும் தாய்மாமனும் வந்தார்கள். மாப்பிள்ளை கைத்தொலைபேசிக்குள் இருந்தார். அந்த நாட்டின் வடக்கு மூலையில், மீன் பதப்படுத்தும் ஓரிடத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். தொலைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து, அவருக்கும் ஒரு கதிரை போட்டதுபோல வட்டத்துக்குள் வைத்திருந்தோம். முகம் நல்ல முகம். என்னைப்போல வாய் காதுவரை போகாத முகம்.

பேச்சு நல்லபடி போய்க்கொண்டிருந்தது. மனைவி என்னைக் காலால் மிதித்தபடி இருந்ததால் நானும் வாய் திறக்கவில்லை. அப்போது தாய்மாமன், ஜன்னலால் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கார் குடுக்கிறதெண்டு சொல்லியிருக்கிறியள். சந்தோசம். ஆனா அந்தப் பனிக்குள்ள இந்தக் கார் என்னத்துக்கு? புதைஞ்செல்லோ போம்."

ஒரு தகப்பன் இதற்குச் சொல்லக்கூடிய அடக்கமான பதில்கள் பல இருக்கின்றன. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

"அதுக்கென்ன, சில்லைக் கழட்டிப்போட்டு ஆமிக்காரன்ர டாங்கிக்குப் போடுற மாதிரிப் பெல்ட் போட்டுவிடுறன். முன்னுக்கு ரெண்டு சறுக்குக் கட்டை. உங்கட மருமோன் மலையே ஏறலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்கூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தொலைபேசி மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, உண்மையாவே செய்வியளோ?"

அதுவரை ஓம், இல்லை என்று மட்டும் பேசிய மாப்பிள்ளை, இப்போது மூச்சுவிடாமல் கதைக்கத் தொடங்கினார். அவருடைய ஊரில் குளிர்காலம் முடிகிற நேரத்தில், உறைந்த ஏரியின்மேல் பழைய கார்களைக் கொண்டுவந்து ஓட்டுவார்களாம். பின்சில்லு இருந்த இடத்தில் பட்டி, முன்சில்லு இருந்த இடத்தில் சறுக்குக் கட்டை. ஒவ்வொரு வருடமும் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவாராம். படங்கள் அனுப்பினார். தாய்மாமனின் தொலைபேசியில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: வெள்ளை வெளியில், பெரிய சப்பாத்துப் போட்ட கிழவர்கள்போலப் பழைய கார்கள்.

"இல்லைத் தம்பி, பகிடிக்குச் சொன்னனான்" என்று சொல்ல எனக்கு நாலைந்து செக்கன் இருந்தது. அந்த நாலைந்து செக்கனும் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒருவரும் எதையும் செய்யமுடியுமா என்று கேட்டதில்லை.

"செய்யலாம் தம்பி," என்றேன்.

மகள் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். இயந்திரத்தில் மாட்டிய துண்டு எந்தக் கணத்தில் அறும் என்று பார்ப்பவள்போல என்னைப் பார்த்தாள். அப்போது அது எனக்குப் பகிடியாகத்தான் பட்டது.

அடுத்த நாள் காலை, தொழிற்சாலை பஸ் வரும் வளைவுவரை அவளோடு நடந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அவள் சொன்னாள்.

"அப்பா, எனக்கு அங்க போக விருப்பமில்லை."

"ஆருக்குத்தான் விருப்பம்? பென்குவினே பாத்துப்போட்டு, வேண்டாமெண்டு உலகத்தின்ர மற்றப் பக்கத்தில போய் இருக்குது."

அவள் சிரித்தாள். அவளுக்கு என் பகிடிகள் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே சோற்றோடு சேர்த்து ஊட்டியவை. பஸ் வந்தது, ஏறிப்போனாள். சிரித்தபடியால் அந்தக் கதை முடிந்தது என்று நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வழியில் அந்தப் பென்குவின் பகிடியை எனக்கே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

வேலை தொடங்கியது. மடவளையில் லேத் பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், ஊருக்கே நானா, எனக்குப் பழைய சிநேகிதர். படங்களை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெடுநேரம் பார்த்தார்.

"சேர், இந்த ஸ்னோ எண்டா எப்பிடி ஈக்கும்? களி மாதிரியா, மணல் மாதிரியா?"

"புட்டு மாதிரி நானா."

"அப்ப தேங்காப்பூவும் போட்டு அனுப்புவம்."

பின் அச்சில் சில்லுக்குப் பதிலாக ஒரு பெரிய பல்லுச்சில்லு. அதற்கு முன்னும் பின்னும் கை உழவு இயந்திரத்தில் கழித்த சின்னச் சில்லுகள். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பட்டி. பட்டியின் குறுக்கே பிடிப்புக்கு இரும்புச் சட்டங்கள். பல்லுச்சில்லை நானா மூன்று தரம் வெட்டினார். முதலாவது பெரிது, இரண்டாவது சின்னது. மூன்றாவதைக் கொண்டுவந்தபோது, "இதுவும் சரி வரல்லையெண்டா ஒங்கட காரை வெட்டித்தான் பொருத்தணும் சேர்" என்றார். சறுக்குக் கட்டைக்குப் பலா மரம், அடியில் தகடு. பட்டிக்கு மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. அதுதான் என் மூளை. மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை தன் பழைய பட்டிகளைக் கழித்துப் போட்டிருந்தது. கொழுந்தை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கொண்டுபோகும் அகன்ற, வழவழப்பான, பிளாஸ்டிக் கலந்த பட்டி. எத்தனை மழை, எத்தனை பாரம் தாங்கியது. குளிரும் தாங்கும், அதுவும் மலைநாட்டில் இருந்ததுதானே என்று நினைத்தேன். நுவரெலியாவில் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு திரிவதைக் குளிர் என்று நினைத்திருக்கும் மனிதனின் மூளை அது.

மாலையில் மகள் வேலையால் வந்து, நீல நிற மேலங்கியைக் கழற்றாமலே கொட்டிலுக்கு வருவாள். நான் காருக்கடியில் கிடப்பேன். அவள் குந்தியிருந்து டோர்ச் பிடிப்பாள். ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னை இங்க பெரிய பொறுப்பொண்டுக்குக் கேக்கினம் அப்பா."

"என்ன பொறுப்பு? பெரிய சாமானா உடைக்கிறதோ?"

டோர்ச் கொஞ்சம் ஆடியது. அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். காருக்கடியிலிருந்து முகம் தெரியாது. "பதினேழாம் நம்பர் திருகியை எடு" என்றேன். எடுத்துத் தந்தாள்.

மூன்றாவது தரம் தாயிடம் சொல்லியிருக்கிறாள். மனைவி என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு மனமில்லைப்போல கிடக்கு. நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ."

"அவளுக்கு மனமில்லையெண்டா ஏன் டோர்ச் பிடிக்கிறாள்? மனமில்லாத ஆள் இருட்டில விட்டிட்டுப் போயிருப்பாளே."

மனைவி சிரிக்கவில்லை. ஆனால் அவள் என் பகிடிக்குச் சிரித்து இருபது வருடமாகிறது, அதனால் அதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

பட்டி பூட்டியாயிற்று. இனி ஓட்டிப் பார்க்கவேண்டும். பனிக்கு எங்கே போவது? நானாதான் யோசனை சொன்னார். குண்டசாலைப் பக்கம் ஒரு நெல் ஆலை. அதன் பின்னால் உமி மலைபோலக் குவிந்து கிடக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். "ஸ்னோவும் இப்பிடித்தான் ஈக்கும், வெள்ளையா ஈக்கும், அவ்வளவுதான்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமையை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், கடைசியில் காரோடு நின்று தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

உமியில் அது ஓடியது. உண்மையாகவே ஓடியது. இயந்திரம் இருமியது, பட்டி இழுபட்டது, பிறகு அந்தக் குட்டிக் கார் மூக்கை உயர்த்திக்கொண்டு உமி மேட்டில் மெதுவாக ஏறிப்போனது. ஆலைத் தொழிலாளர்கள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். உமித்தூசி எழும்பி எல்லோருடைய தலையும் வெளுத்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அழுதுவிடுவேனோ என்று பயந்து, ஹோர்னை அழுத்திக்கொண்டேயிருந்தேன். அந்தக் காட்சியை ஒருவர் படமெடுத்துப் போட, மறுநாள் மடவளை பஸ்ஸில் சாரதி என்னைப் பார்த்து, "சேர், ஸ்னோ எப்ப விழுகுது? குடை கொண்டுவரணுமா?" என்று கேட்டார். ஒரு வாரம் நான் நடந்து திரியவில்லை, மிதந்து திரிந்தேன்.

மகளும் அன்று ஆலைக்கு வந்திருந்தாள். எல்லோரும் காரைப் பார்க்க, அவள் முழங்காலிட்டுப் பட்டியை விரலால் மடக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது குளிரில வெடிக்கும்."

"தேயிலைக் கொழுந்தே தாங்கின பெல்ட்."

"கொழுந்து மைனஸ் இருபதில வாறதில்லையப்பா."

வீட்டுக்கு வந்து மிச்சத் துண்டொன்றை வெட்டி ஐஸ்பெட்டியில் வைத்தாள். மூன்று நாள் அது கோழிக்கும் ஐஸ்கிறீமுக்கும் நடுவில் கிடந்தது. மனைவி, "இந்த வீட்டில இனி என்னத்தைச் சமைக்கிறது எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றாள். நாலாம் நாள் மகள் அதை வெளியில் எடுத்து என் முன்னால் மடக்கினாள். அப்பளம்போல இரண்டாக முறிந்தது. இரண்டு துண்டையும் மேசையில் வைத்தாள்.

இன்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். பட்டி அங்கே போய் முறிந்திருக்கும். முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம்.

ஆனால் அவள் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், தானே செய்து தருவதாகவும் சொன்னாள். மேலதிகாரியிடம் அனுமதி எடுத்து, இயற்கை றப்பரில் கலவைகளை மாற்றி மாற்றிச் சின்னத் துண்டுகள் செய்தாள். வேலை முடிந்த பிறகும் நின்று, அவற்றைப் பரிசோதனைக் கூடத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மடக்கினாள். ஒவ்வொன்றும் எத்தனை பாகையில் முறிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினாள். பிந்தி வருவாள், கை எல்லாம் கரி. சாப்பிடும்போதுகூட விரலால் எதையோ மடக்கிப் பார்ப்பதுபோல மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பாள். ஆறு கிழமை. கடைசியில் ஒருநாள், கறுத்த, கனத்த, என் கையகலத்தில் இரண்டரைப் பங்கு அகலமான இரண்டு பட்டிகளை நானாவின் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள்.

"இது முறியாதப்பா," என்றாள்.

நான் அந்த ஆறு கிழமையையும் எப்படி வாசித்தேன் என்று சொல்கிறேன். போக மனமில்லாத பிள்ளை இவ்வளவு பாடுபடுமா என்று வாசித்தேன். "வாயால வேண்டாமெண்டுவாள், கையால பெல்ட் செய்யிறாள். எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளும் இப்பிடித்தான்" என்று நானாவிடம் சொன்னேன். நானா பல்லுச்சில்லைத் துடைத்து வைத்தார்.

"சேர், புள்ளட்ட வாயால கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லப்போறாள்? வெக்கத்தில இல்லையெண்டு சொல்லுவாள்."

"அப்ப இல்லையெண்டுதானே சேர் சொல்லீக்கிறா."

இதற்கும் நான் ஏதோ சொன்னேன். அவரும் சிரித்தார், மரியாதைக்கு.

முழுக் காரையும் கப்பலேற்ற முடியவில்லை. அவ்வளவு பழைய வாகனத்தை வெளியே அனுப்பும் அனுமதிக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதற்குள் பேரப்பிள்ளையே பிறந்து காரோட்டப் பழகியிருக்கும். மாப்பிள்ளையே வழி கண்டுபிடித்தார். அங்கே ஒரு பண்ணைக்காரரின் கொட்டிலில் எங்கள் ஆமையின் கூடப்பிறந்த சகோதரம்போல, நிறம் மட்டும் வேறாக, ஒரு கார் கிடந்ததாம். அதை எடுத்துக்கொண்டார். நாங்கள் பட்டிகள், பல்லுச்சில்லுகள், சறுக்குக் கட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிப் பெரிய மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினோம். சீதனமாகக் காரில்லாமல் காரின் கால்களை மட்டும் கொடுத்த தகப்பன், யாழ்ப்பாணத்தார் சரித்திரத்தில் நான் ஒருவன்தான் என்று கல்யாண மண்டபத்தில் சொன்னேன். மண்டபமே சிரித்தது. மணவறையில் இருந்தவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியதைக் கண்டேன். அதனால் சிரித்தாள் என்று சொல்கிறேன்.

விசா வந்ததும் போனாள். விமான நிலையத்தில் நான் சொன்ன பகிடியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவளோடு வேலை செய்த பெண்ணொருத்தி வீட்டுக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்த பிள்ளை, மகளைவிட எட்டொன்பது வயது குறைவு. பரிசோதனைக் கூடத்து மேசையில் மகள் விட்டுப்போன சாமான்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். மனைவி தேத்தண்ணி போட உள்ளே போனாள். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"இப்ப ஆர் அங்க பெரிய உடைப்புக்காரி?"

"நான்தான் அங்கிள். அக்காவுக்குத்தான் குடுத்தாங்க. லேப் முழுக்க அக்கா பொறுப்புல வர்ற மாதிரி. அக்கா வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறந்தான் என்னைய போட்டாங்க."

"எப்ப எழுதிக் குடுத்தவள்?"

"நீங்க உமியில காரு ஓட்டுனீங்களே, அதுக்கு அடுத்த நாளு. அக்கா அன்னைக்கு எங்ககிட்டெல்லாம் அந்த வீடியோவைக் காட்டுனாங்க. எங்கப்பா மூஞ்சியப் பாருங்க, இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லன்னு சொன்னாங்க."

நான் பையைத் தூக்கி மடியில் வைத்தேன். அவள் தொடர்ந்தாள், தான் சொன்னது எனக்குப் புதிது என்று பிள்ளைக்குத் தெரியாது.

"நாங்க கேட்டோம் அங்கிள், ஒங்களுக்குத்தான் போக இஷ்டமில்லயே, ஏன் அக்கா இவ்வளவு கஷ்டப்பட்டு பெல்ட் செய்றீங்கன்னு. அதுக்கு அக்கா சொன்னாங்க, அந்த பெல்ட்டு அங்க போய் அறுந்தா, அங்க உள்ளவங்க எல்லாரும் எங்கப்பாவப் பார்த்து சிரிப்பாங்கன்னு."

பையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையும், செருப்பும், அந்தக் கொப்பியும் இருந்தன. அவள் போன பிறகு கொப்பியைத் திறந்தேன். பக்கம் பக்கமாக எண்கள். மைனஸ் பத்தில் முறிந்தது, மைனஸ் பதினெட்டில் வெடிப்பு, மைனஸ் முப்பதில் முறியவில்லை. திகதி, நேரம், கையொப்பம். வேறொரு வார்த்தையும் இல்லை. நான் இரண்டு தரம் தேடினேன்.

வாழ்நாள் முழுவதும் ஊரைச் சிரிக்கவைத்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கக்கூடாது என்று ஒரு பிள்ளை தனக்கு வந்த வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதில் எந்த இடத்தில் பகிடி இருக்கிறதென்று நானும் பல நாளாகத் தேடிப் பார்த்தேன். என்னைப்போலத் தேர்ந்தவனுக்கே கிடைக்கவில்லை.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஏரிக் காட்சி வந்தது. மகள்தான் எடுத்து அனுப்பியிருந்தாள். வெள்ளை வெளி, தூரத்தில் ஒரு பச்சைக் கார் எங்கள் பட்டிகளில் வருகிறது. உமியில் வந்ததைவிட அழகாக வருகிறது. பனியைப் பின்னால் கிளப்பிக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல். மாப்பிள்ளை ஜன்னலால் கையை வெளியே நீட்டி ஆட்டுகிறார். கரையில் நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். அவர் நல்ல மனிதர். அதையும் எழுதத்தான் வேண்டும். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை, அவரிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. மகள் அந்தக் காட்சியில் எங்கும் இல்லை. படம் பிடித்தவள் அவள். சத்தத்தைக் கூட்டிக் கேட்டால், தொலைபேசிக்குக் கிட்ட அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்கும். நானா அதைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், வெடிக்கவே இல்ல சேர்" என்றார். மனைவி முழுவதும் பார்க்காமல் எழும்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மகள் அழைத்தபோது, மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தனியே. மகள் இப்போது அதே மீன் ஆலையில், பெட்டிகளை நிறுத்துப் பார்த்து ஒட்டும் பகுதியில் நிற்கிறாள். மொழி படித்து முடிந்தால் வேறு வேலை தேடலாம் என்கிறாள். முகம் சின்னதாகியிருந்தது. பின்னால் ஜன்னல், அதற்குள் வெள்ளை.

"பெல்ட் எப்பிடி அப்பா? பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"மைனஸ் இருபத்திரண்டு அண்டைக்கு. ஒரு வெடிப்புமில்லை. எல்லாரும் உங்களைத்தான் கேட்டவை."

நான் இரவு முழுவதும் வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன். பகிடி பாடமாக்கவேண்டியதில்லை, தானாக வரும். இதுதான் வரவில்லை.

"பிள்ளை, உனக்கு அங்க விருப்பமில்லையெண்டா வந்திடு. ஆர் என்ன சொன்னாலும் பரவாயில்லை. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாளே, அதே சிரிப்பு. மிச்சத்துக்குக் காத்திருந்தாள். என் வசனங்களுக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும்; அந்த வால் வரட்டும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்திருந்தாள்.

வால் வரவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். அதே வசனம், அதே சொற்கள்.

சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் தொலைபேசியை மேசையில் வைத்தாளோ என்னவோ, எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பவும் எடுத்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள்.

"உங்களுக்கு என்னப்பா செய்யுது? நெஞ்சு நோகுதோ? அம்மா எங்க?"

"ஒண்டுமில்லை. உன்னட்டக் கேக்கிறன்."

"அப்பா," என்றாள், "நீங்கள் வழக்கம்போல ஒரு பகிடி விடுங்கோ. இப்பிடிக் கதைச்சா எனக்குப் பயமாயிருக்கு."

விட்டேன். என்ன பகிடி என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அவள் சிரித்தாள், வேலைக்கு நேரமாகிறதென்று சொல்லி வைத்துவிட்டாள்.